கிணற்று நீரின் பௌதிகமும் இரசாயனமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு எனப் பெயர் பெற்றதும் மாரிமழைக் காலத்து மட்டும் ஓடிப் பின் வற்றிவிடுவதே. மழையைத் தேக்கி அருவியாய் இழியவிடும் மலையும் இங்கில்லை. கடலாலும் உள்ளே நீண்டு கிடக்கும் கடனீரேரிகளாலும் சூழப்பெற்ற இந் நிலப்பரப்பில் மக்கள் பன்னூறாண்டுகளாகக் குடித்தும் குளித்தும் பயிர்செய்தும் வாழ்ந்துவருவது கிணற்று நீரை நம்பியேயாம். நாற்புறமும் உப்புநீர் இருக்க, நடுவே தோண்டிய குழியில் நன்னீர் ஊறுவது எவ்வாறு? இவ் வினாவுக்கு விடை காண முயலும் மாணவன், தன் பாடநூலிலுள்ள பௌதிக இரசாயன அடிப்படைகளுட் பெரும்பாலானவற்றைத் தன் வீட்டுக் கிணற்றடியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறுதல் இந் நாட்டுக்குப் புதிதன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பாரின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. எனினும் அடர்த்தி, அமுக்கம், அமிலம், உப்பு என்னுஞ் சொற்கள் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்களுக்கே உரியவை என்று எண்ணும் மாணாக்கர் இன்றும் பலர். அவ்வெண்ணத்தை நீக்குதலும், நம் கிணறுகளுக்கு நேர்ந்துள்ள இடர்களின் காரணத்தை விளக்குதலும் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

அடர்த்தி

ஒரு பொருளின் ஓரலகு கனவளவில் அடங்கிய திணிவே அதன் அடர்த்தி. ஒரு லீற்றர் நன்னீரின் திணிவு ஏறத்தாழ 1,000 கிராம். கடனீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்திருத்தலால், அதே கனவளவு கடனீரின் திணிவு ஏறத்தாழ 1,025 கிராம் ஆகின்றது. வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கே. சிறிதெனத் தோன்றும் இவ் வேறுபாடே குடாநாட்டின் வாழ்வைத் தாங்கி நிற்கின்றது.

இதனை ஓர் எளிய சோதனையாற் காணலாம். கண்ணாடிக் குவளை ஒன்றிற் பாதியளவு கடனீரை எடுத்து, நிறமூட்டிய நன்னீரை ஒரு கரண்டியின் முதுகின்மேல் மெல்லென வழியவிடுக. நன்னீர் மேலே தனிப்படையாக மிதந்து நிற்கும். கலக்காதவரை அப் படை நெடுநேரம் நிலைக்கும். கலக்கிவிட்டாலோ இரண்டும் ஒன்றாகிவிடும், பின்னர்த் தாமாகப் பிரியமாட்டா. மண்ணெண்ணெயும் நீரின்மேல் மிதப்பதே. ஆயினும் அது கலக்கினும் பின்னர்ப் பிரிந்து மேலெழும். மிதத்தல் அடர்த்தியைப் பொறுத்தது. கலத்தல் மூலக்கூறுகளின் இயல்பைப் பொறுத்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

அமுக்கமும் சமநிலையும்

திரவ நிரல் ஒன்று தன் அடியில் உண்டாக்கும் அமுக்கம் அந் நிரலின் உயரத்தையும் திரவத்தின் அடர்த்தியையும் பொறுத்தது. இருபுறமும் திறந்த வளைகுழாயின் ஒரு புயத்தில் நீரும் மறுபுயத்தில் மண்ணெண்ணெயும் விட்டு, அவை சந்திக்கும் மட்டத்திலிருந்து அளந்தால், 8 சதமமீற்றர் உயர நீரை ஏறத்தாழ 10 சதமமீற்றர் உயர மண்ணெண்ணெய் சமன்செய்து நிற்றலைக் காணலாம். அடர்த்தி குறைந்த திரவம் உயரத்தாலே ஈடுசெய்கின்றது.

இனி அக் குழாயின் இடத்தில் குடாநாட்டைக் கற்பனை செய்வோம். நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் நுண்டுளைகளும் வெடிப்புக்களும் நிறைந்தது. அதனுள்ளே கடனீர் பக்கங்களிலிருந்து புகுந்திருக்கின்றது. மேலிருந்து இறங்கும் மழைநீர் அதன்மேல் மிதக்கின்றது. 40 மீற்றர் உயரமுள்ள கடனீர் நிரலைச் சமன்செய்தற்கு எத்துணை உயர நன்னீர் வேண்டும்? 40ஐ 1,025ஆற் பெருக்கினால் 41,000. 41ஐ 1,000ஆற் பெருக்கினாலும் 41,000. ஆகவே 41 மீற்றர் நன்னீர் 40 மீற்றர் கடனீருக்குச் சமன். அதாவது, கடன்மட்டத்துக்குமேல் 1 மீற்றர் உயர்ந்து நிற்கும் நன்னீர், கடன்மட்டத்துக்குக்கீழ் 40 மீற்றர் ஆழம்வரை கடனீரை விலக்கி வைக்கின்றது. மேலே அரை மீற்றரே உயர்ந்திருப்பின், கீழே 20 மீற்றர்வரைதான் நன்னீர் இருக்கும். இவ்வாறு நடுவிற் பருத்துக் கரையோரம் மெலிந்து, வில்லையின் வடிவிற் கிடப்பதே நமது நன்னீர்ச் சேமிப்பு.

இத் தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய பாடன் கைபனும், 1901இல் செருமானியராகிய ஹேர்ஸ்பேர்க்கும் எடுத்துக்காட்டினர். அவர்கள் ஆராய்ந்தவை வடகடலோர மணற்பாங்கான நிலங்கள். விதியோ எங்கும் ஒன்றே. உண்மையில் நன்னீருக்கும் கடனீருக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இல்லை. இரண்டும் சிறிது சிறிதாகக் கலந்த ஓர் இடைவலயம் உண்டு. எனினும் கணக்கின் சாரம் மாறாது.

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இராமபிரானின் அம்பு பட்டு உண்டானது என்றும், ஆழங்காண இயலாதது என்றும் அதனைக் கூறுவர். சுண்ணாம்புக்கல் கரைந்து உட்குடைவு உண்டாகி, மேற்றளம் இடிந்து விழுந்தமையால் தோன்றிய இயற்கைக் குழி அது. அதன் மேற்பகுதியில் நன்னீரும், ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீரும் இருத்தல் நாம் கூறிய சமநிலையை நேரே காட்டுகின்றது. கீரிமலைக் கேணியிலே, கடலலை எட்டுந் தொலைவில் நன்னீர் ஊறுதலும் இதன் விளைவே. உள்நாட்டில் உயர்ந்து நிற்கும் நன்னீர் கடலை நோக்கி இறங்கி, கரையோர வெடிப்புக்களின் வழியே வெளிப்படுகின்றது.

துலாவும் பம்பியும்

முன்னாளில் தோட்டக் கிணறுகளில் துலாவே நீரிறைக்கும் பொறி. நீண்ட மரத்தை ஆடுகாலிற் பொருத்தி, ஒருவர் பட்டையைப் பிடிக்க, வேறொருவர் அல்லது இருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். இது நெம்புகோலின் தத்துவம். மிதிப்பவர் சுழலிடத்தினின்றும் விலகிச் செல்லுந்தோறும் அவர் உடற்பாரத்தின் திருப்புதிறன் கூடும். அதனால் நீர் நிறைந்த பட்டை மேலெழும். மனிதரின் தசை வலியே இதற்கு எரிபொருள் ஆதலின், ஒரு நாளில் இறைக்கத்தக்க நீருக்கு இயல்பாகவே ஓரெல்லை இருந்தது.

துலாவின் இடத்தைப் பம்பி பிடித்துக்கொண்டது. பம்பி நீரை இழுப்பதாகக் கூறுகின்றோம்; உண்மையில் தள்ளுவது வளிமண்டலமே. பம்பி குழாயிலுள்ள வளியை அகற்ற, கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டல அமுக்கம் நீரைக் குழாயினுள் ஏற்றுகின்றது. அவ்வமுக்கம் 76 சதமமீற்றர் இரச நிரலுக்குச் சமன். இரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே நீரை 10.3 மீற்றருக்குமேல் எந்தப் பம்பியும் உறிஞ்சி ஏற்ற முடியாது. நடைமுறையில் 7, 8 மீற்றரே இயலும். நீர்மட்டம் அதனினும் தாழ்ந்த கிணறுகளிற் பம்பியையே கீழிறக்கி வைப்பதன் காரணம் இது.

பம்பி ஒரு மணி நேரத்தில் இறைப்பதைத் துலா ஒரு நாளிலும் இறைப்பது அரிது. இங்கேதான் முன்னர்க் கண்ட நாற்பது என்னும் எண் அச்சந் தருவதாகின்றது. நீர்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்து நெடுநாள் அவ்வாறே நின்றால், கீழுள்ள கடனீர் எல்லை 40 மீற்றர் மேலெழ எத்தனிக்கும். கடுமையாக இறைக்கப்படும் கிணற்றின் நேர்கீழே அது கூம்புபோற் குவிந்தெழும். ஒருமுறை உவர்நீர் கலந்துவிட்டால், குவளையிற் கலக்கிய நீரைப்போல அது தானாகப் பிரியாது. பல மாரிகளின் நன்னீர் இறங்கி அதனைக் கழுவி வெளியேற்றுதல் வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லும் மழைநீரும்

இதுவரை கூறியவை பௌதிகம். இனி இரசாயனத்தை நோக்குவாம். குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிவுகளும் இறுகி உண்டானது. அதன் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று. தூய நீரில் இது கரைவது மிகச் சிறிதே. ஆயின் மழைநீர் வளியிலும், அதனினும் மிகுதியாக மண்ணிலும், காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான காபோனிக்கமிலமாகின்றது. அவ்வமிலம் கல்சியங் காபனேற்றுடன் தாக்கமுற்று, நீரிற் கரையுந் தன்மையுள்ள கல்சியமிருகாபனேற்றை உண்டாக்குகின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் இத் தாக்கத்தினாலேயே நிலத்தின் கீழ்க் குகைகளும் வாய்க்கால்களும் உண்டாயின. நன்னீரைத் தேக்கி வைக்கும் இடத்தை அமைத்ததும் மழையே. அதனை நிரப்புவதும் மழையே.

இத் தாக்கம் மீளுந் தன்மையது. நீரைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியங் காபனேற்று மீண்டும் திண்மமாகப் படியும். நம் வீட்டுக் கேத்தில்களின் உட்புறத்தில் வெண்ணிறமாக இறுகியிருக்கும் படிவு இதுவே. அதன்மேல் சிறிது தேசிக்காய்ப் புளி விடுக. நுரைத்தெழும் வாயு கல்லினுள் அடங்கியிருந்த காபனீரொட்சைட்டேயாகும்.

அதே கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட்டால், 100 கிராம் கல்சியங் காபனேற்றிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். கூட்டிப் பார்க்க, 100 கிராமே வரும். இரசாயனத் தாக்கத்தில் திணிவு தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்னும் விதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சிப்பியையும் முருகைக்கல்லையும் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு செய்த நம் முன்னோர் கையாண்டதும் இத் தாக்கமே. 1950 தொடக்கம் போரினால் 1990இல் நின்றுபோகும்வரை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் சூளைகளில் நடைபெற்றதன் முதற்படியும் இதுவே. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட, வெப்பத்தோடு பொரிந்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரிற் பூச, அது வளியிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாகும். சுவரின் வெள்ளை தொடக்கத்திலிருந்த அதே பொருளே.

நீரின் வன்மை

கல்சியமும் மகனீசியமும் கரைந்துள்ள நீர் வன்னீர் எனப்படும். சவர்க்காரம் கொழுப்பமிலங்களின் சோடியம் உப்பு. அது மென்னீரிற் கரைந்து நுரைக்கும். வன்னீரிலோ கல்சியத்துடன் சேர்ந்து கரையாத வெண்டிரளாகிவிடும். கல்சியம் முழுதும் இவ்வாறு நீங்கிய பின்னரே நுரை தோன்றும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிற் சவர்க்காரம் வீணாவதன் காரணம் இதுவே.

இருகாபனேற்றினால் உண்டான வன்மை கொதிக்கவைத்தால் நீங்கும். ஆதலின் அது தற்காலிக வன்மை. சல்பேற்று, குளோரைட்டு என்பவற்றால் உண்டானது கொதித்தாலும் நீங்காது. அது நிரந்தர வன்மை. சலவைச் சோடா இட்டால் இரண்டும் நீங்கும். மாணவர் இரண்டு போத்தல்களில் முறையே மழைநீரையும் கிணற்று நீரையும் சம அளவில் எடுத்து, ஒரே சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி, நிலைத்த நுரை தோன்ற எத்தனை துளிகள் வேண்டுமென்று எண்ணிப் பார்ப்பாராக. வேறுபாடு அவர்களை வியக்கச் செய்யும்.

உப்பு

சோடியங் குளோரைட்டு நீரிற் கரையும்போது சோடியம் அயன்களாகவும் குளோரைட்டு அயன்களாகவும் பிரிகின்றது. அயன்கள் மின்னைக் கடத்துவன. ஆகவே நீரின் மின்கடத்துதிறனை அளந்து அதன் உவர்ப்பை மதிப்பிடலாம். ஆய்வுகூடத்தில் வேறொரு வழியும் உண்டு. கிணற்று நீரிற் சிறிது நைத்திரிக்கமிலமும் பின்னர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் விட்டால், குளோரைட்டு இருப்பின் வெண்ணிற வெள்ளிக்குளோரைட்டு வீழ்படியும். நீர் உவர்க்குந்தோறும் வீழ்படிவும் தடிக்கும்.

நீரின் ஒரு லீற்றரிற் குளோரைட்டு 250 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் நாவுக்கு உவர்ப்புத் தட்டத் தொடங்கும். கடனீரின் ஒரு லீற்றரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். கணக்கிட்டுப் பாருங்கள்: உப்பே இல்லாத நூறு குடம் நன்னீருடன் ஒன்றரைக் குடம் கடனீர் கலந்தாலே இவ்வெல்லை கடக்கப்பட்டுவிடும். கிணற்றைக் கெடுப்பதற்குக் கடல் முழுவதும் உட்புக வேண்டியதில்லை.

ஆனால் உப்பு, வேண்டிய இடத்திற் செல்வமாகும். ஆனையிறவில் கடனீரேரியின் நீரைப் பாத்திகளில் தேக்கினால், கோடை வெயிலும் சோளகக் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. கரைதிறன் குறைந்தவை முன்னே பிரியும் என்னும் விதிப்படி முதலிற் கல்சியங் காபனேற்றும், பின்னர் உறைகளிக்கல்லும், அதன்பின் கறியுப்பும் படியும். கைப்புச் சுவையுள்ள மகனீசியம் உப்புக்கள் எஞ்சிய நீரில் நிற்கும். தக்க வேளையில் நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதலே உப்பளத்தாரின் திறமை. அவ்வுப்பின் கரைசலை மின்னாற் பகுத்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர்க்காலத்தில் இயங்காதொழிந்தது.

கண்ணுக்குப் புலனாகாதவை

உவர்ப்பை நாக்கு அறியும். நைத்திரேற்றை அறியாது; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. தோட்டத்துக்கு இடும் யூரியாவும் எருவும், மலக்குழியிலிருந்து கசிவனவும் மண்ணிலுள்ள பற்றீரியங்களால் இறுதியில் நைத்திரேற்றாக மாற்றப்படுகின்றன. மண்துணிக்கைகள் பெரும்பாலும் எதிரேற்றம் உடையவை. நைத்திரேற்று அயனும் எதிரேற்றம் உடையது. ஒத்த ஏற்றங்கள் தள்ளுமாதலின் மண் அதனைப் பற்றி வைக்கமாட்டாது. பயிர் உறிஞ்சாது எஞ்சியது நீரோடு இறங்கி, வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லின் வழியே விரைந்து கிணற்றைச் சேர்கின்றது. வலிகாமத்துத் தோட்ட நிலங்களிற் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வேண்டிய அளவை மிஞ்சியிருத்தலைப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றும். அவ்வாறு மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க இயலாதது. குழந்தையின் உடல் நீலம்பாரிக்கும். கொதித்தாறிய நீர் எல்லாத் தீங்கும் அற்றது என்று தாய்மார் நம்புவர். கொதித்தல் கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. 60 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள ஒரு லீற்றர் நீரை 800 மில்லிலீற்றராகும்வரை கொதிக்கவிட்டால், அதே 60 மில்லிகிராம் குறைந்த நீரில் நின்று, லீற்றருக்கு 75 மில்லிகிராமாக உயரும். செறிவு என்னும் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக அறிந்த மாணவி ஒருத்தி தன் வீட்டுக் குழந்தைக்குச் செய்யத்தக்க பேருதவி இதிலடங்கியுள்ளது.

எண்ணெய் வேறொரு பாடத்தைப் புகட்டியது. சுன்னாகத்தை அடுத்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதந்தமை மக்களைப் பெரிதும் அல்லலுறச் செய்தது. மின்னுற்பத்தி நிலையத்தினின்றும் வந்த மாசு குறித்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது. நீரின்மேற் பரந்து, நீர் செல்லுந் திசையிலே தானும் செல்லும். ஒருவர் நிலத்திற் சிந்தியது அயலவர் கிணற்றிற் காணப்படுதற்குக் காரணம், குடாநாட்டிற் கிணறுகள் பலவாயினும் நீர்த்தேக்கம் ஒன்றேயாதலே.

செய்யத்தக்கவை

அறிவு செயலில் முடிதல் வேண்டும். கடனீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்தார். ஏரியில் மழைநீர் தேங்கின் நிலத்தடி நன்னீரின் மட்டம் உயரும். மட்டம் உயரின் கடனீர் கீழே தள்ளப்படும். நாம் மேலே கண்ட சமநிலையே அத் திட்டத்தின் அடிப்படை. 2024 ஓகத்தில் தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரத்தக்க கடனீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. பிரசாரண அமுக்கத்தை மிஞ்சிய அமுக்கத்தைக் கடனீருக்குக் கொடுத்து, உப்பை விடாது நீரை மட்டும் விடும் மென்றகட்டினூடே செலுத்துதல் அங்கு நடைபெறும் முறை. இயற்கை வெயிலாலும் மழையாலும் இலவசமாகச் செய்வதனை நாம் மின்சாரச் செலவிற் செய்கின்றோம்.

மழையோ இன்னும் பெய்கின்றது. ஒரு சதுரமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் பெய்தாலும், 100 சதுரமீற்றர் கூரையின்மேல் 1,00,000 லீற்றர் விழும். அதனை ஒழுங்கைக்கு ஓடவிடாது தொட்டியிலோ நிலத்திலோ சேர்த்தல் ஒவ்வொரு வீட்டாருக்கும் இயலும். தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் துப்புரவாக்குதல் ஊராருக்கு இயலும்.

மாணவருக்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு மாதமும் குறித்த ஒரு நாளில், தம் வீட்டுக் கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை கயிறிட்டு அளந்து எழுதுக. அந் நீரிற் சிறிதைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்து, வெள்ளி நைத்திரேற்றாலும் சவர்க்காரக் கரைசலாலும் சோதித்து அதனையும் எழுதுக. மாரியிலும் கோடையிலும் உண்டாகும் மாற்றத்தை வரைபடமாக வரைக. நாற்பது மாணவர் உள்ள வகுப்பு ஒன்று ஐந்தாண்டுகள் இதனைத் தொடர்ந்து செய்யின், ஓர் ஊரின் நாற்பது கிணறுகளில் நன்னீர் நிலைக்கின்றதா, தேய்கின்றதா என்பதை அவ்வூரார் அறிந்துகொள்ளலாம். கயிறும் குறிப்பேடும் போதும். வரும் மாரிக்கு முன்னரே தொடங்குதல் நன்று.